வலிப்பு வரட்டும் என்று வேண்டிக்கொண்ட நாள்

என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் ஒரு பெண். அவள் பக்கத்தில் ஈயத் தகடு பதித்த கனத்த சிறு பெட்டி, அதற்குள் ஒரே ஒரு ஊசி மருந்து. காலை எட்டரை மணியிலிருந்து அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வேறு வேலை இல்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இருவரும் காத்திருந்தது எதற்கு என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. எனக்கு வலிப்பு வருவதற்கு!

இருபத்தோரு வருஷமாக 'வரக்கூடாது, வரக்கூடாது' என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. 2022-ஆம் வருஷம் சென்னையில் ஒரு மருத்துவமனை அறையில் படுத்துக்கொண்டு, 'ஒரே ஒரு தரம் வந்துவிட்டுப் போயேன்' என்று அதையே கும்பிட்டேன். அன்றைக்குப் பார்த்து அது வரவில்லை. சாயங்காலம் அந்தப் பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்த மருந்தின் வீரியம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகிவிடுமாம். இன்றைய மருந்து நாளைக்கு உதவாது. மறுநாள் புதிதாய்க் கலந்து எடுத்து வர வேண்டும்.

எங்கள் ஊர் நைனார்பாளையம். சின்னசேலத்துக்குப் பக்கம். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது விழுப்புரம் மாவட்டம், 2019-லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மக்காச்சோளம், இரண்டு கறவை மாடு. இவ்வளவுதான் எங்கள் குடித்தனம்.

எனக்கு ஒன்றரை வயசில் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்ததாம். வெகு நேரம் நிற்கவே இல்லையாம். அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிய கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் ஒன்றுமில்லாமல் வளர்ந்தேன். பதின்மூன்று வயசில் மறுபடி ஆரம்பித்தது. ஆனால் இது வேறு மாதிரி. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி நெஞ்சு வரைக்கும் ஏறும், ராட்டினத்தில் இறங்கும்போது வருமே, அதுபோல. 'இதே இடம், இதே பேச்சு, முன்னாடியே நடந்திருக்கே' என்று தோன்றும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியைப் பார்த்தவர்கள்தான் சொல்வார்கள். கண் நிலைகுத்தி நிற்குமாம், வாய் எதையோ மென்றுகொண்டே இருக்குமாம், கை தாவணி முந்தானையைக் கசக்குமாம். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். பிறகு எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பேன்.

கீழே விழுந்து கை கால் உதைத்தால்தான் வலிப்பு என்று ஊரில் நினைப்பு. இதைக் காற்று சேஷ்டை என்றார்கள். மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். ஒரு டாக்டர் வலிப்பு மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அவர் மாத்திரையை மாற்றினார், கூட்டினார். ஒரு தடவைகூட மண்டையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2011-இல் கல்யாணம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சொன்னா எவன்டி கட்டுவான்?" என்று அம்மா அழுதாள். மாத்திரையை மஞ்சள் தூள் டப்பாவில் ஒளித்து வைத்து விழுங்கினேன். வலிப்பு வரப்போகிறது என்று வயிற்றில் தெரிந்ததுமே புழக்கடைக்கு ஓடிவிடுவேன். திரும்பி வந்தால், "எங்கம்மா போயிட்டே?" என்பார் அத்தை. "கோழியைப் பாக்கப் போனேன்." என் கோழிகளைப் போல கவனிக்கப்பட்ட கோழிகள் அந்தத் தெருவிலேயே இருந்திருக்காது!

2013-இல் உண்டானேன். 'மாத்திரை குழந்தையைக் கெடுத்துவிடும்' என்று யாரோ சொல்லக் கேட்டு, நானாகவே நிறுத்திவிட்டேன். சகோதரிகளே, இந்தத் தப்பை மட்டும் யாரும் செய்யாதீர்கள். வலிப்பு மாத்திரைகளில் வால்ப்ரோயேட் என்ற ஒன்று வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யக்கூடியதுதான். அதற்கு வழி, குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்வதும், ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவதும். திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ஆறாம் மாதம், களத்தில், ஊரே பார்க்க விழுந்து உதைத்துக்கொண்டேன். கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். பற்களுக்கு நடுவே கரண்டிக் காம்பைச் செருகி ஒரு பல் உடைந்தது.

(நடுவில் ஒன்று. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே ஒரு துணி, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி. வாயில் எதையும் திணிக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது தானாகவே நிற்கிறது, சாவிக்குப் பேர்!)

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரகசியம் உடைந்தது. அத்தை என் அம்மாவோடு மூன்று மாதம் பேசவில்லை. உறவில் ஒருவர் வந்து, "வலிப்பு இருக்கிறதை மறைச்சுக் கட்டினா சட்டப்படியே தள்ளி வெச்சிடலாம்" என்று திண்ணையில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார். என் கணவர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கள்ளக்குறிச்சி போய், தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் அப்படி ஒரு வார்த்தையைச் சேர்த்தது உண்மைதானாம். பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்து எழுதியிருந்தார்களாம். ஆனால் 1999-இல் திருத்தச் சட்டம் கொண்டுவந்து வலிப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே! என் அம்மாவுக்கும் அது தெரியாது, அந்தத் திண்ணைப் பெரியவருக்கும் தெரியாது.

அத்தை கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "ஏன் கண்ணு, தனியா புழக்கடையில போயி கெணத்துக்குப் பக்கத்துல நின்னியே, உள்ள விழுந்திருந்தா?" அன்றிலிருந்து கிணற்றடிக்கு நான் தனியாகப் போனதில்லை. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக்கூடாது என்பதும் அத்தையின் கட்டளை.

2018-இல் அடுப்பு முன்னால் வந்துவிட்டது. கொதிக்கிற சாம்பாரில் கையை விட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல். இன்றைக்கும் வலது கையில் தழும்பு இருக்கிறது. பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், நாலு வயசு. "அம்மா சிரிச்சுக்கிட்டே கைய விட்டாங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை, வாய் மென்றிருக்கிறது. ஆனால் அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. பிறகு நல்ல டாக்டரைத் தேடினோம், நடுவில் கொரோனா வந்து இரண்டு வருஷம் விழுங்கிற்று. நகையை அடகு வைத்து, சின்னசேலத்தில் ரயில் ஏறி, சென்னைக்குப் போனது 2022-இல்.

அங்கே டாக்டரம்மா முதலில் கேட்டது, "எத்தனை வகை மாத்திரை சாப்பிட்டீங்க?" நாலு வகை என்றேன். அவர் சொன்ன கணக்கு இது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செய்து 2000-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புதிதாக மருந்து தொடங்கியவர்களில் 100-க்கு 47 பேருக்கு முதல் மாத்திரையிலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மாத்திரையில் இன்னும் 13 பேருக்கு. அதற்கப்புறம் எதை மாற்றினாலும், எத்தனையைச் சேர்த்தாலும் வெறும் 4 பேருக்குத்தான். அதாவது, பொருத்தமான இரண்டு மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், அங்கேயே 'வேறு வழி உண்டா?' என்று பார்க்க வேண்டுமாம். நான் இருபத்தோரு வருஷம் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்துவிட்டது. இரண்டு காதுக்கும் உட்புறமாக, மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி. கடல்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். ஞாபகத்தைச் சேர்த்துவைக்கிற இடம். எனக்கு இடது பக்கத்தது சுருங்கித் தழும்பேறிக் கிடந்தது. சின்ன வயசில் வந்த அந்த நீண்ட காய்ச்சல் வலிப்பு காரணமாக இருக்கலாம் என்றார். இளம் தாய்மார்கள் பயந்துவிட வேண்டாம். சில நிமிஷத்தில் நின்றுவிடும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் மூளையை ஒன்றும் செய்வதில்லை. அரைமணி, முக்கால்மணி என்று நீள்வதுதான் ஆபத்து. அதனால்தான் அந்த ஐந்து நிமிஷக் கணக்கு.

தழும்பு இருக்கிற இடத்திலிருந்துதான் வலிப்பு கிளம்புகிறதா என்று உறுதி செய்ய வேண்டுமே! அதற்குத்தான் அந்த ஈயப்பெட்டிப் பெண். நம் உடம்பு எடையில் மூளை 100-க்கு 2 பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கிற பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் மூளைக்குள் ஓடுகிறது. எந்த இடம் அதிகம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாய்ப் பாயும். வலிப்பு வரும்போது அது கிளம்புகிற இடம் கண்டபடி வேலை செய்வதால் ரத்தம் அங்கே கொட்டும். வலிப்பு இல்லாத நேரத்தில் அதே இடம் மற்ற இடங்களைவிடச் சோம்பலாக, ரத்தம் குறைவாக இருக்கும். டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்த மருந்தை வலிப்பு தொடங்கிய சில விநாடிகளுக்குள் ஏற்றிவிட்டால், அந்த நேரத்தில் ரத்தம் எங்கே எவ்வளவு போயிற்றோ அப்படியே மருந்து போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு நிதானமாக ஒரு மணி நேரம் கழித்துக்கூடப் படம் எடுக்கலாம். ஸ்பெக்ட் ஸ்கேன் என்கிறார்கள். வலிப்பு இல்லாத ஒரு நாளில் இன்னொரு படம் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பார்கள். ஊசி ஒரு நிமிஷம் தாமதித்தால் வலிப்பு மற்ற இடங்களுக்குப் பரவிவிடும், படம் தப்பான இடத்தைக் காட்டும். அதனால்தான் அவள் கழிப்பறைக்குப் போகக்கூட வேறு ஆளை உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் மத்தியானம், தயிர்சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போது வயிற்றில் கிளம்பிற்று. "வருது" என்றேனாம். நினைவு வந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பதினோரு செகண்ட்ல போட்டுட்டேன்கா!" எனக்கு வலிப்பு வந்து அதற்காக யாரும் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

படத்தில் இடது காதுக்கு உள்ளே ஒரு சிவப்புத் திட்டு. என் கணவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "புரிஞ்சிடுச்சு. எந்தப் பாத்தியில மடை ஒடஞ்சி தண்ணி கொட்டுதுன்னு கண்டுபிடிச்சிட்டாங்க" என்றார். டாக்டரம்மா, "இதைவிட நல்லா நான் சொல்ல முடியாது" என்று சிரித்தார்.

மூளையில் கைவைப்பது என்றதும் அத்தை போனிலேயே அழுதார். "நம்ம மேல சோதனை பண்றாங்களா?" இல்லை. வேலூர் மருத்துவக் கல்லூரியில் 1949-இல் நம் நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினாரே டாக்டர் ஜேக்கப் சாண்டி, அவர் கனடாவின் மான்ட்ரீல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் படித்தவர். வலிப்புக்கான அறுவையில் உலகப் புகழ் பெற்றவர் பென்ஃபீல்டு. சாண்டி 1952-லேயே வேலூரில் வலிப்புக்கு அறுவை செய்துவிட்டார். 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995-லிருந்து வலிப்புக்கென்றே தனித் திட்டமாக நடத்துகிறார்கள். தில்லி எய்ம்ஸில் 116 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2017-இல் வந்தது. ஒரு வருஷத்தில், அறுவை செய்த பிள்ளைகளில் 100-க்கு 77 பேருக்கு வலிப்பு நின்றிருந்தது, மாத்திரையோடு மட்டும் இருந்தவர்களில் 7 பேருக்கு. அறுவை செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கை கால் பலவீனம் போன்ற கடுமையான விளைவுகளும் இருந்தன. அதையும் டாக்டரம்மா மறைக்கவில்லை.

எனக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, மண்டை ஓட்டைத் திறந்து காதோரப் பகுதியின் முன்பக்கத்தையும் அந்தத் தழும்பையும் எடுத்துவிடுவது. நாள்பட்ட அனுபவம் உள்ள முறை. வலிப்பு நிற்கும் வாய்ப்பு அதில்தான் அதிகம். மற்றது, பின்மண்டையில் சிறு துளை போட்டு, மெல்லிய கம்பி ஒன்றை அந்தக் கடல்குதிரைக்குள் நீளவாக்கில் செலுத்தி, ரேடியோ அலையால் சூடேற்றி, அந்த இடத்தை மட்டும் பொசுக்குவது. லேசர் கதிரால் செய்வதும் உண்டு. செக் நாட்டின் பிராக் நகரத்து டாக்டர்கள் கம்பி முறையைப் பல பேருக்குச் செய்து காட்டியிருக்கிறார்களாம். வெட்டு சின்னது, நாலைந்து நாளில் வீடு. ஆனால் வலிப்பு மறுபடி வந்தால் பெரிய அறுவைக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம்.

எனக்கு யோசனை வேறு. இடது பக்கம் என்பது வார்த்தைகளின் பக்கம். ஒரு பெண் வந்து பதினைந்து வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள், கதை சொல்லி அரைமணி கழித்துக் கேட்டாள். எனக்கு ஞாபகம் நன்றாகவே இருந்தது. அதுதான் சங்கடம். நன்றாக இருப்பவர்களுக்குத்தான் இழப்பதற்கும் அதிகம். என் மகள் முதன்முதலில் பேசிய வார்த்தை, பால் கணக்கு, செத்துப்போன அப்பாவின் குரல்... எது எந்தப் பாத்தியில் இருக்கிறதோ, யார் கண்டது? சுற்றியுள்ள நல்ல இடத்தைக் குறைவாகத் தொடும் என்பதால் சின்னத் துளைக்கே சம்மதித்தேன். கம்பி போகிற பாதையில் ரத்தக் குழாய் எதுவும் குறுக்கே வராதபடி முன்கூட்டியே குழாய்களைப் படம் பிடித்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு குழாய் கீறினாலும் உள்ளே ரத்தம் கசியும். கையெழுத்து வாங்கும்போது அதைத்தான் இரண்டு தடவை சொன்னார்கள்.

சிகிச்சை நாள் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, மயக்கத்தில் இருந்தேன். முடியை முழுக்க எடுத்துவிடுவார்கள் என்று பயந்திருந்தேன். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் எடுத்திருந்தார்கள்.

நாலாம் நாள் மறுபடி வலிப்பு வந்தது. வீட்டுக்காரர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நகை போச்சு, பணம் போச்சு! டாக்டரம்மா மட்டும் கலங்கவில்லை. "பொசுக்கின இடத்தைச் சுத்தி வீக்கம் இருக்கு. முதல் சில நாள்ல வர்றதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் அதற்கப்புறம் வரவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், தீபாவளி, பொங்கல்... வரவில்லை.

ஒரு வருஷம் கழித்து, 2023-இல் திரும்பப் படம் எடுத்தார்கள். இந்தத் தடவை ஈயப்பெட்டியும் இல்லை, ஊசியும் இல்லை. கழுத்து வழியாக ஏறுகிற ரத்தத்தையே காந்தத்தால் அடையாளமிட்டு, அது மூளையில் எங்கே போகிறது என்று எம்.ஆர்.ஐ. எந்திரமே பார்த்துவிடுகிறது. இடது உள்பக்கம், பழைய சிவப்புத் திட்டு இருந்த இடம் கருப்பாக இருந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. "அங்க ரத்தமே போகலையாம்மா?" "அது வெந்து தழும்பான இடம். அங்க போக வேண்டியதில்லை" என்றார். பிறகு நெற்றிப் பக்கத்தைக் காட்டினார். சிகிச்சைக்கு முன்னால் என் இடது நெற்றிப் பக்கத்திலும் ரத்த ஓட்டம் வலது பக்கத்தைவிடக் குறைவாக இருந்ததாம். அந்த இடம் கெட்டதில்லை. வலிப்பு கிளம்புகிற இடத்தோடு தொடர்புள்ள இடம், அடிக்கடி வந்த வலிப்பால் அதுவும் சோர்ந்திருந்தது. இப்போது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக இருந்தது. எல்லோருக்கும் இப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது, படத்தைவிட ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக்காரர் வரும் வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். "ஒடஞ்ச மடைய அடைச்சதும் கடைமடைப் பாத்திக்குத் தண்ணி ஏறிடுச்சு பாரு."

இழப்பு இல்லையா என்றால், உண்டு. பெயர்கள் நழுவுகின்றன. ஆளைத் தெரியும், வீட்டைத் தெரியும், அவள் தங்கைக்கு எங்கே கொடுத்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும், பெயர் மட்டும் வாய்க்கு வராது. "வாம்மா, வா" என்று சமாளித்துவிடுகிறேன். மளிகைச் சாமானை முன்பெல்லாம் மனசில் வைத்திருப்பேன், இப்போது எழுதிக்கொண்டு போகிறேன். மாத்திரையும் முழுக்க நிற்கவில்லை. மூன்று வகை ஒன்றாகியிருக்கிறது, அந்த ஒன்றை டாக்டர் சொல்லும் வரைக்கும் நிறுத்தமாட்டேன். மஞ்சள் தூள் டப்பாவிலிருந்து எடுத்து சாமி படத்துப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், எல்லோர் கண்ணிலும் படும்படி.

போன மாதம் ஒரு நாள் குளிக்கப் போனவள், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கப்புறம் முதல் தடவையாகத் தாழ்ப்பாள் போட்டேன். துருப்பிடித்திருந்தது, இழுத்துத்தான் போட வேண்டியிருந்தது. இரண்டு சொம்பு ஊற்றியிருப்பேன், கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"கண்ணு... சத்தம் குடு!"

"இருக்கேன் அத்தை" என்றேன்.